மேம்பாலத்தின் உயரம் பூஜ்யம்

டீ நன்றாக இருக்கிறது, பாஷா. என் மனைவியும் இப்படித்தான் சர்க்கரையை வாரிப் போடுவாள். யாரும் என்னைப் பிடித்துவரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நானேதான் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

கெய்ரோவில் எந்தத் தெருவில் எவ்வளவு வண்டிப் புகை தேங்கும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். எங்கள் பகுதியில் மேம்பாலம் கட்டினார்கள். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் பாலத்துச் சுவரைத் தொடலாம், அவ்வளவு நெருக்கம். அதற்கும் நான்தான் கணக்குப் போட்டேன். தரைத்தளத்தில்தான் புகை அதிகம், மூன்றாம் மாடியில் அதில் பாதிகூட வராது என்று வந்தது. அதை நம்பி எஹ்சான் டீச்சர் தன் மழலையர் பள்ளியைத் தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு மாற்றினார். என் மகனும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தான்.

பாலம் திறக்க ஒன்பது நாள் இருக்கும்போது பிழையைக் கண்டுபிடித்தேன். சாலையின் உயரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. கணினிக்கு அந்தப் பாலம் தரையிலேயே கிடந்திருக்கிறது. உயரத்தைத் திருத்திப் போட்டேன். திரையில் மூன்றாம் மாடி முழுக்க அபாயச் சிவப்பாகிவிட்டது. ஆனால் அறிக்கை கையெழுத்தாகிப் போயாயிற்று. திரும்பக் கேட்டால் இருபது வருடப் பெயர் நாறிவிடும். திருத்தியதை அழித்தேன்.

பாலம் திறந்த அன்று டீச்சர் ஒரு தட்டு பஸ்பூசா இனிப்போடு வந்தார்.

"உங்க கை நல்லா இருக்கணும் தம்பி. ஜன்னலத் தொறந்தே வைக்கலாமில்ல?"

"தாராளமா வைங்க டீச்சர். காத்து வரட்டும்."

"உங்க மகன எங்க காணோம்? சண்டைக்கு ஆளில்லாம எங்க ஹனீன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா."

"மாமியாருக்குப் பேரன் பக்கத்துலயே வேணுமாம். நாம சொன்னா கேக்கற ஆளா அது?"

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஹனீன் அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி, நாலு வயது. மூச்சிழுப்பு உண்டு. ஜன்னலில் நின்று வண்டிகளை எண்ணுவாளாம். பதினேழாம் நாள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே பாலத்தின் மேல், நெரிசலில், மூச்சு அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து என் கணினியின் விசிறிச் சத்தத்துக்கு அடியில் ஒரு மூச்சு இழுத்து இழுத்து விடுகிறது. கணினியை மாற்றினேன். புதியதிலும் கேட்கிறது. பயமாக இருக்கிறது, பாஷா. அதனால்தான் வந்தேன்.

டீச்சரிடமா? இன்னும் சொல்லவில்லை. மற்றப் பதினாலு பிள்ளைகளும் இப்போது அங்கேதான் இருப்பார்கள், ஜன்னலும் திறந்துதான் இருக்கும்.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சிவப்பைப் பார்த்த அரைமணி நேரத்தில் என் மகனை அங்கிருந்து கூட்டிவந்துவிட்டேன். பிள்ளைகள் விஷயத்தில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை.