தேநீர்க் கெண்டியைக் கையில் வாங்கிய உல்கான் அக்காவுக்கு

முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் கிசில்-ஆரிக் கிராம நூலகத்தின் கதவைத் திறந்தவரே! கதவோடு நில்லாமல் எங்கள் வாயையும் திறக்க வைத்தவரே! அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய உல்கான் அக்கா அவர்களே! இன்று பணி நிறைவு பெறும் தங்களை நூலகத்தாரும் ஊர் மன்ற அலுவலகத்தாரும் ஒன்றுகூடி வாழ்த்துகிறோம்.

தாங்கள் அடுக்கிய நூல்களையும், பனிக்காலங்களில் தாங்களே சுமந்த நிலக்கரி மூட்டைகளையும் பட்டியலிட்டால் கோபிப்பீர்கள். ஆகவே வியாழக்கிழமைக் கூட்டத்தை மட்டும் சொல்கிறோம். ஊர் மன்றம் எதையும் முடிவு செய்யுமுன் ஊரார் நூலகத்தில் கூடிப் பேச வேண்டும் என்று பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அதைத் தொடங்கினீர்கள். முதல் ஆண்டிலேயே அந்த நோக்கம் தவறிப்போனது. அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னவர் தாங்களே.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த ஆண்டு அது. நான்கு குழாய்களை எங்கே நடுவது என்று பேச்சு. வாசலுக்கு எதிரே, மரியாதைக்குரிய மேலிடத்தில் பெரியவர்கள், அவர்களருகே தாங்கள், வாசலோரம், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில், ஊற்றிக் கொடுக்கும் மருமகள்கள். கிண்ணத்தைப் பாதிதான் நிரப்ப வேண்டும், விளிம்புவரை ஊற்றினால் விருந்தாளியை எழுந்து போகச் சொன்னதாகும் என்பது நம் வழக்கம். அதனால் ஊற்றுகிற கைகளுக்கு ஓய்வில்லை. பேசி முடித்தோம், தலையாட்டினோம். முதல் இரண்டு குழாய்களும் மேலத்தெருவிலேயே நின்றன.

அந்தப் பனிக்காலத்தில், அந்த மருமகள்களில் ஒருத்தி, சூல் கொண்டிருந்த கீழத்தெருப் பெகிமாய், ஆற்றிலிருந்து வாளிகளோடு ஏறும்போது வழுக்கி விழுந்தாள். இறையருளால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ரொட்டியோடு பார்க்கப் போன தாங்கள் கேட்டீர்கள்: “ஏம்மா, கூட்டத்துல நீயும்தானே இருந்தே? கீழத்தெருவுக்கு ஒண்ணு வேணும்னு சொல்லக் கூடாதா?”

“எங்கக்கா சொல்றது? நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள உங்க கிண்ணமே மூணு தடவை காலியாச்சே!”

தண்ணீர் தூக்குகிறவர்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்க, தண்ணீரைப் பற்றி நாம் தேநீர் குடித்தபடி பேசியிருக்கிறோம். அன்றிரவு தங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று பிறகு சொன்னீர்கள்.

பெகிமாய் தேறி வந்த வியாழன், மேலிடத்தை விட்டு இறங்கி வந்து சமோவார் அருகே அமர்ந்தீர்கள். கெண்டியைப் பெகிமாயிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள். மேலத்தெருவில் குடியிருந்த அவளுடைய மாமனார் சாகினாலி சிரித்தார்: “என்ன உல்கான், நூலகத்தை மூடிட்டு டீக்கடை வச்சிட்டியா?”

“ஆமாண்ணே. இந்தக் கடையில பேசாதவங்களுக்கு டீ கிடையாது. பெகிமாய், நீ சொல்லும்மா.”

மாமனார் முன் குரல் உயர்த்தாத மருமகள் அவள். தரையையே பார்த்திருந்தாள். மீதி இரண்டு குழாய்களும் சனிக்கிழமை மேலத்தெருவிலேயே நடப்பட இருந்தன. கிண்ணங்கள் காலியாகின, தாங்கள் யாருக்கும் ஊற்றவில்லை.

“கீழத்தெருவுல பதினாலு வீடு,” என்றாள் மெல்ல. “நாங்க எல்லாரும் ஆத்துக்குத்தான் போறோம். மேலத்தெருக் குழாயில குதிரை தண்ணி குடிக்குது.”

சாகினாலி தாடியைத் தடவினார். “அது என் குதிரைதான்,” என்றவர், தங்களைப் பார்த்து, “அவளுக்கு முதல்ல ஊத்து. தொண்டை காஞ்சிருக்கும்,” என்றார்.

அந்த இரண்டு குழாய்களும் இன்றும் கீழத்தெருவில் நிற்கின்றன. அதிகம் பேசுகிறவர் மறுவாரம் கெண்டி பிடிக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து கூட்டத்தின் சட்டம். மேய்ச்சல் பாதையும் பள்ளிக்கூடக் கூரையும் அந்தச் சட்டத்தின்படிதான் பேசி முடிவாயின. மற்றவருக்குப் பேச இடம் விட்டு நகர்ந்து உட்காருவது சின்ன அன்புதான். ஆனால் அந்தச் சின்ன அன்பு இல்லாத ஊரில் வாக்குப்பெட்டி வெறும் பெட்டி என்பதைத் தாங்கள் ஒருநாளும் உபதேசிக்காமலே எங்களுக்கு உணர்த்தினீர்கள்.

போன வாரம் சமோவாரைத் துடைத்துக்கொண்டே, “நான் போன பிறகு கெண்டியை யாரு பிடிப்பா?” என்று கேட்டீர்கள். இப்போது வாசலோரம் திரும்பிப் பாருங்கள் அக்கா. அங்கே கெண்டியோடு அமர்ந்திருப்பவர் ஊர் மன்றத் தலைவர் பெகிமாய். போன வியாழன் அவர்தான் அதிகம் பேசினார்.

தங்களுக்கு நீண்ட ஆயுளையும் நோயற்ற உடலையும் இறைவன் அருள, உள்ளங்கை விரித்து வேண்டுகிறோம். இன்றாவது மேலிடத்தில் அமருங்கள். இது பிரிவு விழா என்று அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. ஆனால் தங்கள் கிண்ணத்தைப் பாதிதான் நிரப்பச் சொல்லியிருக்கிறோம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
நூலகத்தாரும் ஊர் மன்ற அலுவலகத்தாரும்,
கிசில்-ஆரிக்