முன்வாசலால் போன சுப்ராயன்

விடியப்புறம் மூன்றரை. 2013, தை மாதம். பாரிசுக்கு வெளியே ஒரு காட்டுத் தெரு… கணுக்கால் புதையப் பனி. தெரு முடிவில், அரசாங்கம் நடத்தும் பழைய படைவீரர் இல்லம்.

பாரிசில், ரூ லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடையைப் பூட்டிவிட்டு, ஆறாத அடுப்போரம் முடங்கியிருந்தவர்களுக்கு ஐங்கரன் சொன்ன கதை இது. அவருடைய மச்சான் வரதராசாவுக்கு நடந்தது. படைவீரர் இல்லத்தில் அவனுக்கு இரவு வேலை. எழும்ப முடியாத கிழவர்களைப் புரட்டித் துடைக்கவேண்டும்.

அந்த இல்லத்தில் ஒரு சட்டம். செத்தவர் பின்வாசலால்தான் போகவேண்டும், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவால். மற்றவர்கள் கண்டால் மனமுடைந்து போவார்களாம்.

அங்கே படுக்கையில் கிடந்த புதுச்சேரிச் சுப்ராயன், அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையில் நின்றவர். போட முடியாத சப்பாத்துக்கு இரவிரவாகப் பொலிஷ் போடுவார். “ஏம்பா, முன்வாசல்ல நடந்து வந்தவன் நான். குப்பையோட அனுப்பிடாத.”

“ஓம் ஐயா,” என்றிருந்தான் வரதராசா.

அன்றிரவு சுப்ராயன் செத்தார். பொறுப்பாளன் ழான்-லூக் பின்வாசலைக் கைகாட்டினான். மீறினால் வேலை போகும். வேலை போனால் வதிவிட கார்ட்டும் போகும்.

வரதராசா பிணம் கிடந்த தள்ளுகட்டிலைத் தள்ளினான். பின்வாசல் திருப்பத்தில்… சக்கரம் இறுகியது. குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. குப்பென்று சப்பாத்துப் பொலிஷ் மணம்.

“விட்டிட்டு ஓடியிருப்பார், என்ன அண்ணை?” என்றான், அடுப்போரம் கதை கேட்டுக்கொண்டிருந்த உதயன்.

“ஓடுறதுக்கு அவன் என்ன உன்னைப் போலையே? பொத்து வாயை,” என்றார் ஐங்கரன்.

வரதராசா பிணத்தின் முகத்தைப் பார்த்தான். “சரி ஐயா. கார்ட் போனா மயிராப் போச்சு.”

திருப்பினான். சக்கரம் தானாக உருண்டது.

முன்மண்டபம் இருட்டு. இரண்டு பக்கமும் காலடி… தப். தப். தப். வெறுங்காலின் சத்தம், ஒரே சீராக. ஆளைக் காணவில்லை. ழான்-லூக் பூட்டிச் சாவியைப் பையில் போட்டிருந்த கதவு, அகலத் திறந்து கிடந்தது. பிணவண்டியை முன்னுக்கு வரச்சொல்லி, சுப்ராயனைப் பெரிய படியால் இறக்கி அனுப்பினான் வரதராசா.

ஆறு மணிக்கு ழான்-லூக் கத்தினான். “கதவைத் திறந்தது யார்?”

“நான்தான்.”

“இனி வராதே!”

வரதராசா கடைசியாகக் கிழவர்களைத் துடைக்கப் போனான். பதினொரு பேர். வருடக்கணக்காக நிலத்தில் கால் வைக்காதவர்கள். முதல் போர்வையை நீக்கினான். அடுத்ததை… அதற்கடுத்ததை…

பிறகு ழான்-லூக்கைக் கூப்பிட்டான். “இவர்களையும் வேலையால் நிறுத்து.”

பதினொரு பேரும் நிம்மதியாகக் குறட்டை விட்டார்கள். இருபத்திரண்டு உள்ளங்காலிலும் முன்வாசல் பனி… கரையவேயில்லை.