இடி அண்ணனை வைத்து அளந்த சத்தம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் இசைக்கருவிக் கடை ஐயா அவர்களே, முன்வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவர் தோளில் சாய்ந்திருக்கும் மகளே, எங்கள் பாட்டுக் குழுவின் தோழர்களே, எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒத்திகை பார்க்க வருகிற மற்றக் குழுக்களின் பிள்ளைகளே, அண்ணனை அறிந்து வந்தவர்களே, அறியாவிட்டாலும் மனம் கேளாமல் வந்தவர்களே, எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. அடுப்படி, பிரார்த்தனை, குழுவின் வரவு செலவு, இவைதான் என் உலகம். பிழையாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் தம்பி, மைக்கின் சத்தத்தைக் கூட்டாதே. பின்வரிசையில் சொல் விளங்குகிறதா? விளங்குகிறது என்று தலையாட்டுகிறார்கள். அது போதும். அதற்கு மேல் ஒரு நூலளவும் வேண்டாம். அதைத் தன் காதைக் கொடுத்துக் கற்ற மனிதருக்காகத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

இடி அண்ணன்! பகலில் தகரப் பட்டறை, மாலையில் டிரம்ஸ்! எங்கள் தாளத்தின் தலைவர் இடி அண்ணன்!

அவரைப் புகழ்வதற்கு முன் ஒரு தெருப்பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் பட்டறைச் சந்தில் அவருக்குப் பின்னால் லாரி வந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அண்ணன் ஒதுங்கவில்லை. விழுந்தவரின் கையில் காதடைப்பான் பொட்டலம் இருந்ததைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். “காதை அடைச்சுக்கிட்டு நடுத்தெருவுல நடந்தா வேற என்ன ஆகும்? திமிரு புடிச்ச ஆளு” என்று துக்க வீட்டு வாசலில் நின்றே பேசினார்கள். அண்ணி கேட்கும்படி பேசினார்கள்.

திமிரா? இடி அண்ணனுக்கா? அப்படி ஒரு பழியோடு அவரை அனுப்பிவைப்பதா? அவர் மகள் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு காலமெல்லாம் நடப்பதா? அதைத் துடைக்கத்தான் எழுந்து நிற்கிறேன்.

எங்கள் பின்னறை சிறியது. தகரக் கூரை, ஒற்றைச் சன்னல், சுவரில் சாத்திய பழைய மெத்தைகள். என் தங்கை பாடுவாள். என் கணவருக்குக் கீபோர்டு. தொடக்கத்தில் கிட்டாருக்கென்று செய்த பழைய ஒலிபெருக்கிப் பெட்டியில்தான் அவள் குரலையும் விட்டோம். குழுக்களில் இதுதானே வழக்கம்? நல்லதெல்லாம் வாத்தியத்துக்கு, மிச்சம் மீதி குரலுக்கு! அந்தப் பெட்டியில் அவள் பாடினால் போர்வைக்குள் முகம் புதைத்துப் பாடுவதுபோல் இருக்கும். “இது ஆவாது. குரலுக்குன்னு தனிப் பெட்டி வேணும்” என்று முதலில் சொன்னவர் இடி அண்ணன்.

கடை ஐயா, அவர் உங்கள் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டீர்கள்.

“என்னை வெச்சு அளந்து குடுங்க. கிட்டாருக்குச் சத்தம் குறைக்கத் திருகு இருக்கு, கீபோர்டுக்குத் திருகு இருக்கு. எனக்கு எங்க இருக்கு? குறைக்க முடியாதவனை வெச்சுத்தானே அளக்கணும்?”

“உங்க வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமே அந்தத் திருகு எங்க இருக்குன்னு?”

“அவ கல்யாணமான நாள்லேருந்து தேடுறா ஐயா. கிடைக்கலை!”

கூட வந்திருந்த அண்ணியும் அன்று சிரித்தார்.

அவர் அளந்த விதம் இதுதான். அவர் முழு வேகத்தில் வாசிப்பார். பெட்டியின் திருகு பாதியைத் தாண்டக் கூடாது. “மீதிப் பாதி கையிருப்பு. கையிருப்புல கை வெச்சா குரல் கரகரக்கும், பெட்டி சூடேறிச் சாகும்” என்பார். வீட்டுக் கணக்குப் பார்க்கிற எனக்கு அது உடனே விளங்கியது. பிறகு என்னைக் கதவருகே நிறுத்துவார். “பெரியவளே, சின்னவ என்ன பாடினா? வார்த்தையைச் சொல்லு.” சொல்லிவிட்டால் பெட்டி போதும். “யாரோ அழுத மாதிரி இருந்துதுண்ணே” என்றால் போதாது!

முதல் பெட்டி ஒரு வருடம் போதுமானதாக இருந்தது. பிறகு கதவருகே எனக்கு வார்த்தை எட்டவில்லை. இன்னும் பெரியது வாங்கினோம். கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. வாட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகுமா? ஆகாது. காதுக்கு ஒரு சிட்டிகை கூடினாற்போல்தான் தெரியும். அதையும் மீறித் திருகினோம். பெட்டியின் சத்தம் மைக்கில் புகுந்து ஊளையிட்டது. கிட்டார் தம்பி தன் பங்குக்கு ஏற்றினான். என் கணவர் ஏற்றினார். என் தங்கையிடம் ஏற்றுவதற்கு என்ன இருந்தது? தொண்டை ஒன்றுதான் இருந்தது. அதை ஏற்றினாள்.

ஒரு மாலை பாட்டின் நடுவே அவள் குரல் துணி கிழிவதுபோல் கிழிந்து நின்றது. கைக்குட்டையில் இரத்தக் கீற்று. மருத்துவர் பேசவே கூடாது என்றார். பழைய குரல் திரும்புமா என்று கேட்டோம். அவர் மருந்துச் சீட்டைத்தான் நீட்டினார்.

அந்த வாரமும் நாங்கள் என்ன பேசினோம் தெரியுமா? “இதைவிடப் பெரிய பெட்டியா ஒண்ணு போட்டுடலாம்” என்றான் கிட்டார் தம்பி. “கூரை பிச்சுக்கிட்டுப் போகும்டா” என்றார் என் கணவர். பேசக் கூடாத என் தங்கை எழுந்து போய், அண்ணனுடைய டிரம்ஸில் இருந்த சிம்பல் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவ்வளவுதான் செய்தாள்.

அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “பெட்டி போதும்டா. என் காதுதான் போதலை.”

“எப்பலேருந்துண்ணே?” என்றான் கிட்டார் தம்பி.

“தெரியலைடா. முதல்ல சிம்பல் மெலிஞ்ச மாதிரி இருந்துது. பழசாயிடுச்சுன்னு பலமா அடிச்சேன். அப்புறம் எல்லாமே மெலிஞ்சு போச்சு. இப்ப உள்ளுக்குள்ள ஒரு விசில்தான். அடுப்பை அணைக்க ஆளில்லாத வீட்டுல குக்கர் கத்துற மாதிரி. ராத்திரியும் நிக்காது.”

எங்கள் பிழை புரிகிறதா உங்களுக்கு? எந்தக் கோலை வைத்து அளந்தோமோ, அந்தக் கோலே வளர்ந்துகொண்டிருந்தது! பெட்டி பெட்டியாக மாற்றினோமே, இந்த மனிதர் ஏன் இவ்வளவு ஓங்கி அடிக்கிறார் என்று எங்களில் யாராவது கேட்டோமா? “இடின்னா இடிதான்” என்று கைதட்டினோம்.

வேறொருவராக இருந்தால் குச்சியை வீசிவிட்டுப் போயிருப்பார். இடி அண்ணன் என்ன செய்தார்? அந்தப் பெரிய பெட்டியைத் தன் தோளிலேயே சுமந்துபோய் உங்கள் கடையில் இறக்கினார், ஐயா. அதைவிடச் சிறியதைக் கேட்டு வாங்கிவந்தார். அதைக் காது உயரத்துக்கு ஏற்றி, ஊளை வராதபடி மைக்கின் முதுகுப் பக்கம் வைத்தார். டிரம் தோலின் மேல் துணி போட்டார். குச்சியை மெல்லியதாக மாற்றினார். “இனிமே என்னை வெச்சு அளக்காதீங்க. சின்னவ பேசுற மாதிரி பாடட்டும். அது வாசல்ல கேக்கணும். நாம எல்லாரும் அதுக்குக் கீழதான்” என்றார்.

தாளத்தை எப்படிப் பிடித்தார்? என் தங்கையின் வாயைப் பார்த்துப் பிடித்தார். அவள் மூச்சு இழுக்கத் தோள் ஏறுவதைப் பார்த்துப் பிடித்தார். ஒருநாளும் தப்பவில்லை. தங்கை மாதக் கணக்கில் காத்திருந்து பாட வந்தாள். ஆனால் மேல் சுரங்கள் திரும்பவே இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அண்ணன் குச்சிகளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். நாங்களும் கையை எடுத்துவிடுவோம். பாட்டில் அந்த இடம் வெறுமையாகக் கடக்கும். அதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை.

அன்பானவர்களே, அன்று அவர் கையில் இருந்த பொட்டலத்தை நான் பார்த்தேன். அண்ணிதான் காட்டினார். அது பிரிக்கப்படவே இல்லை! டிரம்ஸ் கற்கும் தன் மகளுக்காக, என் தங்கைக்காக, எங்கள் அறைக்கு வருகிற உங்களுக்காக, இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காக வாங்கியது அது! காதை அடைத்துக்கொண்டு நடந்தாராம்! அவர் காதை எங்கள் அறை எப்போதோ அடைத்துவிட்டது. அந்த ஹாரன் ஊருக்கெல்லாம் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. இதுதான் நடந்தது. இனி அந்தத் தெருவில் யார் திமிர் என்று சொன்னாலும், இதைச் சொல்லுங்கள்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்கப்போகிறோம். “எனக்கு மௌனம்னா எப்படியிருக்கும்னே மறந்து போச்சு, பெரியவளே” என்று ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து என் பிரார்த்தனையில் அவருக்காக அதை மட்டும்தான் கேட்டுவந்தேன். இறைவன் கொடுத்துவிட்டான். இந்த வழியாகக் கொடுப்பான் என்று நான் நினைக்கவில்லை.

மகள் பழகுகிற டிரம்ஸைத் தங்கள் வீட்டைவிட்டு அனுப்பிவிடச் சொன்னார் அண்ணி. “வீட்டுக்குள்ள எமனை வெச்சுக்கிட்டு இருக்கச் சொல்றியா?” என்று கேட்டார். இன்று காலை அந்தப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னறையின் கதவைப் பிடித்துக்கொண்டு, மகளைப் பற்றிச் சொன்னார்:

“அவ அடிக்கட்டும். அவங்கப்பா வாங்கினதைக் காதுல வெச்சுக்கிட்டு அடிக்கட்டும். ஆனா நீ நிப்பியே, இந்த வாசல்ல இனிமே நான்தான் நிப்பேன். உன் தங்கச்சி பாடுறது ஒரு வார்த்தை எனக்குக் கேக்கலைன்னாலும் எல்லாத்தையும் நிறுத்திடணும்.”

இடி அண்ணனே! உங்கள் குழு உங்களுக்குத் தருகிற வாக்கு அதுதான். எங்கள் அறையில் இனிமேல் எந்தப் பெட்டியையும் குரலை வைத்தே அளப்போம். உங்கள் பொட்டலத்தைப் பிரித்து அவரவர் காதில் வைத்துக்கொள்ளாமல் ஒருவரும் உள்ளே வர மாட்டோம்.

நாளை மாலை ஒத்திகை. உங்கள் இருக்கையில் உங்கள் மகள் உட்காருவாள். வாசலில் அண்ணி நிற்பார். அவர் கை உயர்ந்தால் நிறுத்துவோம்.