மெல்லிய சுவர்

மறையூர் தாண்டி மூணாறுக்கு ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த அம்மாள் கணவரிடம் சொன்னார்: "சுவத்தத் தட்டுனேன். அந்தப் பக்கமிருந்து பதிலுக்குத் தட்டுனாக. அந்த வீட்டையே வாங்கிருவோம்."

இருவருக்கும் எஸ்டேட்டில் வேலை முடியப்போகிறது, எஸ்டேட் கொடுத்த, சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும், கோயம்புத்தூரில் ஒரு பழைய அப்பார்ட்மென்ட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் உடுமலையிலிருந்தே என் காதில் விழுந்திருந்தது.

"மூணாவது மாடி. லிஃப்ட் கெடையாது."

"மல ஏறிக் கொழுந்தெடுத்த காலு. மூணு மாடி என்ன செய்யும்?"

"எதுத்தாப்புல மாவு மில்லு."

"ஃபேக்டரி சத்தத்துல தூங்குனவளுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா?"

"சுவரு மெல்லிசுன்னு புரோக்கரே சொல்லுதான்."

"லயத்துல மட்டும் கோட்டச் சுவரா? ஒங்களுக்கு நெஞ்சு வலிச்ச அன்னிக்கு நான் சுவத்தத் தட்டித்தான ஆளு ஓடி வந்துச்சு?"

கணவர் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார்.

"அங்க தட்டுனது யாரு?"

"ஒரு அக்கா. தட்டுனதோட நிக்கல, வெளிய வந்து 'எப்பங்க குடி வர்றீங்க'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"தை பொறந்ததும்னு சொல்லிட்டேன்."

"ஏ புள்ள, இன்னும் அட்வான்சே குடுக்கலயே!"

"சொல்லிட்டேன்ல."

அவருடைய போன் அடித்தது. புரோக்கர்தான்.

"ஆமாப்பா, பாத்ததையே முடிச்சிருவோம். புது வீடெல்லாம் வேணாம். என்னது, சுவரா?" மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "சுவரு நல்ல சுவருப்பா."