விடாமல் பிடித்த பிரேக்

ஜூன் 11, செவ்வாய்

இன்று மூளை அறிவியல் வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். மூளை அணுக்களின் மேலிருக்கும் காபா ஏற்பிக்கு எத்தனை துணை அலகுகள் என்று சார் கேட்டார். நான்கு என்று சொல்லிவிட்டேன். ஐந்து. எனக்குத் தெரியாததல்ல. நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றி ஐந்து தூண்கள் என்று அந்தப் படத்தை வரைந்து வரைந்து கை பழகியிருக்கிறது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "நாலு தூண்ல கட்டடம் வேணா நிக்கும்மா, ஏற்பி நிக்காது" என்று மட்டும் சொன்னார்.

மாலை வகுப்பில் சேர்ந்ததும், நாட்குறிப்பு எழுதச் சார் சொல்லிக்கொடுத்த முறை இது: முதலில் அன்றைய தவறு, பிறகு அதற்கான காரணம், கடைசியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை. எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூளோடு திரிவதால் அவரை நாங்கள் சாக்பீஸ் சார் என்போம். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் எழுதுவதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. எனக்கு என் புத்தியின் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. எழுதிப் பார்த்தால்தான் எதுவும் உறுதியாகும்.

காரணம் என்ற இடத்தில் 'கவனம் வேறெங்கோ இருந்தது' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். எங்கே இருந்தது என்று சொல்லாவிட்டால் அது காரணம் ஆகாது. கவனம் அத்தையிடம் இருந்தது. அதைச் சொல்ல அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதிக் கட்டடங்களில் அவர் கைபட்ட லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அம்மா இறந்துபோன மறு வருடம் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மனிதர்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். "இந்த வருஷம் உங்களையெல்லாம் அடையாளம் தெரியும். விட்டு விட்டுத்தான் தெரியும். அடுத்த வருஷத்தப் பத்தி என்னால சொல்ல முடியாது. தெரியறப்பவே நல்லாப் பேசிக்கங்க" என்றார்.

அவருக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மைதான்.

பகலில் நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அப்போது அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார். மாலையில் நான் வந்ததும் அவர் போய்விடுவார். வகுப்பு நாட்களில் எனக்குப் பதில் அத்தை வந்து உட்கார ஒப்புக்கொண்டார். அத்தை அப்பாவின் தங்கை. முழங்கால் தேய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்.

"அண்ணன் அமைதியா இருந்தா நான் பார்த்துக்கறேன்டி. எழுந்து ஓடினாருன்னா நான் எங்க துரத்தறது? நானே நாலு கால்ல வந்துதான் உன் வீட்டுப் படி ஏறறேன்."

அப்பாவுக்கு மாலை நேரம்தான் சிரமம். வெளிச்சம் குறையும்போது எழுந்துவிடுவார். சுவிட்ச் பெட்டியைத் திறப்பார், ஐந்தாவது மாடி லிஃப்டில் ஆள் மாட்டியிருக்கிறான் என்பார், அம்மா எங்கே என்பார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மிகவும் பதறினால் மட்டும், அரை, அதுவும் சில நாட்களுக்குத்தான் என்று அழுத்திச் சொல்லியிருந்தார். இந்த வயதில் அது குழப்பத்தைக் கூட்டும், விழவும் வைக்கும் என்றார். முதல் வகுப்பு நாளன்று அரை மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தேன். அப்பா தூங்கினார். அத்தை தொலைக்காட்சி பார்த்தார். நான் வகுப்புக்குப் போனேன். யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை.

மாத்திரை அட்டை தீர்ந்தபோது கடையிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொண்டேன். கடையில் என்னை யாரும் கேட்பதில்லை. நான் கணக்கில் சுத்தமானவள் என்று பெயர்.

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதும் எனக்கு வகுப்பில்தான் தெரிந்தது. மூளை அணுக்களை ஓடச் சொல்லும் கட்டளைகள் இருப்பதுபோலவே நிற்கச் சொல்லும் கட்டளைகளும் உண்டு. காபா நிற்கச் சொல்வது. அது வந்து ஏற்பியில் அமர்ந்ததும் நடுத்துளை திறக்கிறது, அணு அடங்குகிறது. மாத்திரை ஆல்ஃபா என்ற தூணுக்கும் காமா என்ற தூணுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய் உட்கார்ந்து, பிரேக்கை இன்னும் அழுத்துகிறது. ஆல்ஃபாவில் வகைகள் உண்டு. ஒன்று என்றால் பெரும்பாலும் தூக்கம். இரண்டும் மூன்றும் பயத்தைத் தணிப்பவை. ஐந்து, நினைவு உருவாகும் பகுதியில் நிறைய இருக்கிறது. அங்கே பிரேக் அதிகமானால் நினைவு மங்கும்.

"மாத்திரைக்கு இது எந்த ஆல்ஃபான்னு கேக்கத் தெரியாது. தூக்கத்துக்குக் குடுத்தாலும் அஞ்சாவது கதவையும் தட்டிட்டுத்தான் வரும்" என்றார் சார்.

வேறொன்றும் சொன்னார். இந்த நோயில் மூளையில் எல்லாம் ஒரே வேகத்தில் அழிவதில்லையாம். ஓடச் சொல்லும் பகுதிகள் பல உதிர்ந்த பிறகும், ஒப்பிட்டுப் பார்த்தால், தடுக்கும் ஏற்பிகள் நிறைய மிஞ்சியிருக்கின்றனவாம். ஐந்தாவது வகையின் பிடியை மட்டும் தளர்த்தினால் நினைவுக்கு உதவுமா என்று பலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. நான் அதைக் குறித்துக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதும் வகுப்பில் கற்றதுதான். வகுப்பு இல்லாத மாலைகளில் மாத்திரை கொடுப்பதில்லை; அவற்றை மாத்திரை கொடுத்த மாலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே பால், அதே நாற்காலி, அதே விளக்கு.

முடிவு தெளிவாக இருந்தது. மாத்திரை இல்லாத மாலைகளில் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு, அப்பா வந்து உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்து, "மேனேஜரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் வேலையப் பாருங்க" என்பார். எதையும் வரிசையாக அடுக்குகிறேன் என்பதற்காகச் சிறுவயதிலேயே எனக்கு அவர் வைத்த பெயர் அது. மாத்திரை கொடுத்த மாலைகளிலும், அதற்கு மறுநாள் பாதிப் பொழுது வரையிலும், நான் அவருக்கு நர்ஸம்மா.

ஒருநாள் நன்றாகவே தெளிந்திருந்தார். பாடப் படத்தைக் காட்டி, மூளையிலும் பிரேக் இருக்கிறது என்றேன்.

"இல்லாம? பிரேக் இல்லாத லிஃப்ட்ல எவன் ஏறுவான்?"

"அது எப்பவும் பிடிச்சிட்டே இருந்தா என்னப்பா ஆகும்?"

"கரன்ட் போனா பிரேக் பிடிக்கணும், கரன்ட் வந்தா விடணும். அதுதான் லிஃப்ட். விடாம பிடிச்சிக்கிட்டே நின்னா அதுக்குப் பேரு லிஃப்ட் இல்லம்மா, பீரோ."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அம்மா எங்கே என்றார். சொன்னேன். அன்றுதான் முதல்முறை கேட்பதுபோல அழுதார். இப்படி ஒவ்வொரு தெளிந்த மாலையிலும் அம்மா ஒருமுறை சாக வேண்டியிருந்தது. அதைப் பார்க்க முடியாமல்தான் வகுப்பு இல்லாத நாட்களிலும் பாலில் கலக்க ஆரம்பித்தேன். அவருடைய நிம்மதிக்காக.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படித்தால் வரி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காரணம் இல்லை. அழுவது கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அமைதியாகத்தான் இருப்பார்.

காரணம் அந்த மாலைக்கு அடுத்த வாரம் நடந்தது. வகுப்பு நாள். முந்தைய நாள் வகுப்பு இல்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. பாலோடு வந்தபோது அவர் தலைவாரி, சட்டைப் பித்தானெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார்.

"மேனேஜரம்மா, இன்னிக்குப் போகாத."

"க்ளாஸ் இருக்குப்பா."

"தெரியும். படிப்புதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா எனக்கு நழுவுதும்மா. நழுவறது எனக்கே தெரியுது. தெரியற வரைக்கும் கொஞ்சம் உக்காந்து பேசலாமே. அப்புறம் நீ எவ்வளவு வேணா படி."

நான் பாலை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கசக்குது. இதுல என்னவோ போடற."

"வைட்டமின்ப்பா."

"சரி. நீ குடுத்தா சரி" என்று மீதியையும் குடித்தார்.

அன்று வகுப்பில் நான் மிகச் சரியாகப் பதில் சொன்னேன். இவ்வளவு ஒழுங்காகப் படிக்கும் பெண்ணை நான் பார்த்ததில்லை என்று சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த அறையில் நான் யாருடைய நர்ஸும் இல்லை, யாருடைய மகளும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி. எனக்கு அந்த அறை வேண்டும். என்னைத் தெரிந்தவர்தான் என்னைப் போகாதே என்று சொல்ல முடியும். நர்ஸம்மாவை யாரும் போகாதே என்று சொல்வதில்லை. நான் தூக்கத்துக்காகக் கொடுக்கவில்லை. ஐந்தாவது கதவுக்காகக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு மாலையும் விடவில்லை. அரை, முழுசாகியிருக்கிறது.

இப்போது அத்தைக்கு வருகிறேன்.

அத்தைக்கு வரும் திங்கட்கிழமை முழங்காலில் ஆபரேஷன். அப்புறம் பல வாரங்கள் அவரால் படியேற முடியாது. இன்று நான் வகுப்புக்குக் கிளம்பும்போது, தூங்கும் அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியைப் போடவில்லை.

"எப்ப வந்தாலும் தூங்கறாரு. நான் யாருக்குடி காவல் இருக்கேன், கட்டிலுக்கா?"

நான் செருப்பைத் தேடினேன்.

"முத்திப்போச்சா? உண்மையச் சொல்லு."

"ஆமா அத்தை. இந்த நோய் அப்படித்தான்."

அத்தை அப்பாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். "சின்ன வயசுல என்னை வாலுன்னுதான் கூப்பிடுவாரு. கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடியே கூப்பிட்டாரு, மானமே போச்சு. ஒரு மாசம் பேசல நான்." கொஞ்சம் சிரித்தார். "ஆபரேஷன்ல என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும். உள்ள போறதுக்கு முன்னாடி அண்ணன் வாயால வாலுன்னு ஒரு தடவை கேட்டாப் போதும். நாளைக்கு வந்தா முழிச்சிருப்பாராடி? வியாழக்கிழமையே ஆஸ்பத்திரியில சேரச் சொல்லிட்டாங்க, நாளைக்கு விட்டா அப்புறம் என்னால வர முடியாது."

"சொல்ல முடியாது அத்தை" என்றேன்.

ஏற்பிக்கு எத்தனை துணை அலகுகள் என்று சார் கேட்டபோது நான் அத்தையின் அந்தக் கேள்வியைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். கை அப்பாவின் கைமேல் இருந்தது. ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தேன். படியிறங்கும்போது என் தோளைத் தட்டி, "உன்னை மாதிரி பொண்ணு கிடைக்க எங்கண்ணன் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

ஆக, காரணம் இதுதான். எழுதி முடித்ததும் மனம் ஓரளவு தெளிந்திருக்கிறது. தவறு எங்கே என்று தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம் என்பார் சார். மாத்திரையை நிறுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று பாடத்தில் தெளிவாக இருக்கிறது. டாக்டரைக் கேட்டால் எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பார். அதற்கு ஏற்ற நேரம் பார்க்க வேண்டும். நாளை வகுப்பில் தேர்வு. எனவே தேர்வு முடிந்த பிறகு தொடங்குவதுதான் அப்பாவுக்குப் பாதுகாப்பு.

நாளைய வேலை: கடையிலிருந்து புதிய அட்டை ஒன்று எடுத்து வரவேண்டும். தேர்வுக்கு ஆல்ஃபா வகைகளை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தை சீக்கிரம் வரக்கூடும் என்பதால் அப்பாவுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே பாலைக் கொடுத்துவிட்டு, அவர் வருவதற்குள் டம்ளரைக் கழுவி வைத்துவிட வேண்டும்.