ஆறு மணிக்குக் கீழே சின்ன எழுத்து

இல்லைங்க மேடம், நான் அந்த வாட்சை ஜப்பான்ல செஞ்சதுன்னு சொல்லி விக்கவே இல்ல. போன தடவை இந்த நாற்காலியில வேற ஒரு சார் இருந்தாரு, அவருகிட்டயும் இதையேதான் சொன்னேன். அதுக்கு முந்தின தடவையும் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. கடையைப் பூட்டிட்டு வந்து நிக்கிறேன், பாருங்க. இன்னிக்காவது முடிச்சு விட்டுடுங்க.

இந்த நுகர்வோர் கோர்ட்டுல சமரசம் பேசுறப்ப ரெண்டு பேரையும் தனித்தனியாத்தான் கேப்பீங்கன்னு வாசல்ல சொன்னாங்க. அது நல்லதாப் போச்சு. அவரு பக்கத்துல இருந்தா நான் ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியாது. நடுவுல புகுந்து, அது அப்படி இல்ல, இப்படிம்பாரு.

ஆமாங்க, சொந்தம்தான். என் கூடப்பொறந்த அக்காவோட வீட்டுக்காரரு. இத்தனை வருஷமா மாமான்னு கூப்பிட்டேன், இப்ப மனுதாரர்னு கூப்பிடணுமாம். என்னத்தச் சொல்ல.

அவரைப் பத்தி நீங்க கொஞ்சம் தெரிஞ்சுக்கணும் மேடம். அப்பத்தான் இந்தக் கூத்து புரியும். அவரு அச்சகத்துல ப்ரூஃப் பாக்கிறவரு. பிழை திருத்துற வேலை. வேலையில கெட்டிக்காரர்தான், அதுல குறை சொல்லமாட்டேன். ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் வேலை முடியாது. பிஸ்கட்டுப் பாக்கெட்டை நாமெல்லாம் பிரிச்சுத் திம்போம், அவரு முதல்ல படிப்பாரு. சட்டைப் பையில எப்பவும் ஒரு லென்ஸ் இருக்கும். எங்க வீட்டுப் பசங்க அவரைப் பூதக்கண்ணாடி மாமான்னுதான் சொல்லும். நான் கடை திறந்த அன்னிக்கு எல்லாரும் கை குடுக்கிறாங்க, இவரு மட்டும் தெருவுல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு, ஏணி இருக்கான்னு கேக்குறாரு. எதுக்கு மாமான்னா, கடிகார கடைன்னு போட்டிருக்கியே, நடுவுல ஒரு க் எங்கடாங்கிறாரு. அவரே ஏறி, அவரே பெயிண்ட்ல எழுதிட்டுத்தான் உள்ள வந்தாரு. இன்னிக்கும் அந்த ஒரு எழுத்து மட்டும் வேற கலர்ல இருக்கு.

சிரிக்கிறீங்க. பரவாயில்ல, சிரிங்க. எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேங்குது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அவங்களுக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள். அக்காவுக்கு ஒரு வாட்ச் வாங்கணும்னு ரெண்டு பேரும் கடைக்கு வந்தாங்க. கட்டிக்கிட்ட புதுசுல, உனக்கு ஒருநாள் சுவிஸ் வாட்ச் வாங்கித் தர்றேன்னு இவரு வாய் விட்டிருக்காரு. அதை அவ மறந்தே போயிட்டா, இவரு மறக்கல. நான் சொல்லிட்டேன் மேடம், மாமா, என் கடையில சுவிஸ் கிடையாது, அது வேற விலை, வேற கடைன்னு. அக்கா அதெல்லாம் காதுலயே போட்டுக்கல. தட்டுல இருந்த ஒரு சின்ன வாட்சை எடுத்தா, கையில கட்டினா, கையைத் தூரத்துல நீட்டிப் பாத்தா, கிட்டக்க வச்சுப் பாத்தா. இது போதும்னுட்டா. அவ முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க.

அதுதான் உங்க மேஜை மேல கவர்ல இருக்கிற வாட்ச். எடுத்துப் பாருங்க, ஓடும்.

நான் அப்பவே விளக்கமாச் சொன்னேன். பேரு ஐரோப்பாப் பேரு மாமா, ஆனா ஆறு மணிக்குக் கீழ சின்ன எழுத்துல ஜப்பான் மூவ்மெண்ட்னு போட்டிருக்கு பாருங்கன்னு நானே காட்டினேன். மூவ்மெண்ட்னா உள்ள ஓடுற மெஷின். அவரும் லென்ஸை வச்சுப் பாத்துட்டு, சரி ஜப்பான், அதுவும் நல்ல நாடுதானேன்னு வாங்கிட்டுப் போனாரு. நான் அங்கேயே இன்னும் ரெண்டு வார்த்தை சொல்ல வந்தேன். அதுக்குள்ள கடையில வேற ஆள் வந்துட்டாங்க. அப்புறம் அவரு மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம், சரி போகட்டும்னு விட்டுட்டேன்.

என்ன ரெண்டு வார்த்தையா? அதாங்க, ஜப்பான் மூவ்மெண்ட்னா அந்த வாட்ச் ஜப்பான்ல செஞ்சதுன்னு அர்த்தமில்ல. மெஷினே அங்க செஞ்சதுன்னு கூட அர்த்தமில்ல. மெஷின் ஜப்பான் கம்பெனியோடது, அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்கு நாலைஞ்சு நாட்டுல ஃபேக்டரி இருக்கு, எதுல செஞ்சாலும் அவங்க மெஷின்தானே. மெஷினை வைக்கிற கூடு வேற ஒரு நாட்டுல. வார் இன்னொரு நாட்டுல. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து மாட்டுறது மூணாவது இடத்துல. இதுல யாரும் யாரையும் ஏமாத்தல மேடம், தொழிலே அப்படித்தான் நடக்குது. நீங்க கட்டியிருக்கிறதும் அப்படித்தான் வந்திருக்கும். இல்லைங்க, கழட்ட வேண்டாம், சும்மா சொன்னேன்.

சுவிஸ்னாலும் இதே கதைதான். அங்க சட்டம் இருக்கு, இல்லேங்கல. மெஷின் அங்கத்தது இருக்கணும், அங்கதான் கூட்டுல மாட்டணும், கடைசியா அங்கதான் சோதிச்சுப் பாக்கணும், செலவுல நூத்துக்கு அறுபதாவது அங்க ஆகியிருக்கணும். மிச்ச நாப்பது? அது எங்கேருந்து வந்துச்சுன்னு டயல்ல எழுதமாட்டாங்க. எழுத இடமும் இல்ல. ஒரு வாட்சுக்கு ஒரே ஒரு சொந்த ஊரு இருக்கணும்னு இவரு ஒத்தக்கால்ல நின்னா நான் எங்க மேடம் போவேன்?

விருந்துல என்ன நடந்துச்சுன்னு அவரு எழுதிக் குடுத்திருக்காரா? எழுதியிருக்க மாட்டாரு. நான் சொல்றேன்.

வீட்டுலயே சின்னதா ஒரு விருந்து. அச்சகத்து ஆளுங்க, அக்கம்பக்கம், நாங்க. அக்கா அந்த வாட்சைக் கட்டிக்கிட்டுத் தட்டும் தண்ணியுமா அங்கேயும் இங்கேயும் நடக்குறா. முடி முகத்துல விழவே இல்ல, ஆனா ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்குறா. எதுக்கு? கை தெரியணுமே. அச்சகத்துல பைண்டிங் பண்றவரு ஒருத்தர், அண்ணி, புது வாட்சா, சுவிஸ்ஸான்னு கேட்டாரு. அவ சிரிச்சுட்டுப் போயிருப்பா. இவரு விடுவாரா? சுவிஸ் இல்ல, ஜப்பான், இருங்க காட்டுறேன்னு கூப்பிட்டாரு. கழட்டுன்னாரு. எல்லார் எதிர்லயும் அவ கையிலேருந்து கழட்டி, கேக் வெட்டின கத்தியாலயே பின்மூடியை நெம்பித் திறந்தாரு. ஓரத்துல கீறல் இருக்கும் பாருங்க, அது நான் குடுக்கிறப்ப இல்ல.

உள்ள லென்ஸை வச்சுப் பாத்தா, அதுல ஜப்பான்னு இல்ல. வேற ஒரு நாட்டுப் பேரு. அதோட நின்னிருந்தா ஒண்ணுமில்ல. அதுக்குப் பக்கத்துல, கல் இல்லை, சரி செய்யப்படாததுன்னு இங்கிலீஷ்ல பொறிச்சிருக்கும். எல்லா மலிவு மெஷின்லயும் இருக்கும் மேடம். கல்லுன்னா நகைக்கல் இல்ல, சக்கரம் தேயாம இருக்க வைக்கிற பொடிக்கல். சரி செய்யப்படாததுன்னா, வெயில்லயும் குளிர்லயும் வச்சு வச்சு நுணுக்கமா நேரம் திருத்தலேன்னு அர்த்தம். அந்த மெஷினுக்கு அது தேவையும் இல்ல. ஆனா இவருக்குப் பிழைன்னு ஒண்ணு கண்ணுல பட்டாப் போதுமே. கணீர்னு படிச்சாரு. கல் இல்லை! சரி செய்யப்படாதது! என் மச்சான் என் தலையில கட்டிட்டான்னாரு.

பைண்டிங்காரர் ஒரு நக்கல் அடிச்சாரு. கல்லும் இல்ல, சரியும் பண்ணல, அப்ப அண்ணிக்குப் பொருத்தமான வாட்ச்தான்னு. அக்கா காதுல ஒரு கல்லுத் தோடு கூடக் கிடையாது, அதைத்தான் குத்தினாரு. கூடி இருந்தவங்க சிரிச்சாங்க. அதுல மாமாவும் சிரிச்சுட்டாரு.

அவரு வேணும்னு சிரிக்கல. பத்துப் பேரு சிரிக்கிறப்ப வர்ற சிரிப்பு. ஆனா நான் அக்காவைப் பாத்தேன். வாட்ச் இருந்த இடத்தை இன்னொரு கையால மூடிக்கிட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டா.

அதுக்கப்புறம்தான் இவரு கடைக்கு வந்தாரு. வாட்சை மேஜையில வச்சு, இது எந்த நாட்டு வாட்ச், ஒரே வார்த்தையில சொல்லுங்கிறாரு. ஒரே வார்த்தையில சொல்ல முடியாது மாமாங்கிறேன். அப்ப நீ பொய் வியாபாரம் பண்றேங்கிறாரு. காசைத் திருப்பித் தர்றேன்னேன். வேண்டாங்கிறாரு. வேற வாட்ச் எடுத்துக்குங்கன்னேன். வேண்டாங்கிறாரு. கையெடுத்துக் கும்பிட்டு, தப்பு என் மேலயே இருக்கட்டும், விடுங்க மாமான்னேன். அதுவும் வேண்டாமாம். கோர்ட்டுல பாத்துக்கலாம்னுட்டுப் போயிட்டாரு. இப்படி ஒரு மனுஷனை நீங்க பாத்திருக்கீங்களா? எதைக் குடுத்தாலும் வாங்கமாட்டேங்கிறவரோட என்னன்னு சமரசம் பேசுறது?

சாட்சியா? ஆமா, அக்காதான் சாட்சி. வாங்கினப்ப கூட இருந்தது அவ ஒருத்திதானே. அவ வராததாலதான் தள்ளித் தள்ளிப் போகுது, தெரியும் மேடம். அவளால வர முடியல. உடம்பா? உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா. வேலை இருக்கு. வீட்டு வேலைதான், வேற என்ன.

எந்த வீட்டு வேலைன்னா...

சரிங்க. உங்ககிட்ட என்ன மறைக்கிறது. என் வீட்டுல இருக்கா. அந்த விருந்து முடிஞ்சதும் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்து வச்சுட்டு, ஒரு பையை எடுத்துக்கிட்டு எங்களோடவே கிளம்பி வந்துட்டா. அன்னியிலேருந்து திரும்பிப் போகல. சத்தம் போட்டுச் சண்டையும் போடல, ஒரு சொட்டு அழவும் இல்ல. அவரு போன் பண்ணுவாரு, எடுக்கமாட்டா. வாசல் வரைக்கும் வந்தாரு, இவ மாடியை விட்டு இறங்கல. இவரும் சும்மா வந்து நின்னுட்டுப் போறாரே தவிர, நான் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லணுமே. ஊரான் தப்பையெல்லாம் கண்டுபிடிச்சவருக்கு அது வாயில வரமாட்டேங்குது.

அப்புறம்தான் இந்த மனு வந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, கோவம்தான் வந்துச்சு. என் வீட்டுக்காரிதான் அதை வாங்கிப் படிச்சுட்டுச் சொன்னா. உங்க மாமாவுக்கு வாட்சும் வேணாம் காசும் வேணாங்க, அவருக்கு சாட்சி வேணும்னு.

அக்கா மட்டும் லேசுப்பட்டவளா? நான் தோத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்னு சொன்னேன், கூடாதுங்கிறா. நீ ஏன் விட்டுக் குடுக்கணும், கேஸ் நடக்கட்டுங்கிறா. இங்க வர்ற அன்னிக்கெல்லாம் என் சட்டையை அவதான் இஸ்திரி போட்டுக் குடுக்குறா. திரும்பிப் போனதும் வாசல்லயே பிடிச்சுக்குறா. என்ன சட்டை போட்டிருந்தாரு? இருமல் இருக்கா? இளைச்சிருக்காரா? கேஸ் என்னாச்சுன்னு ஒருதடவை கேட்டதில்ல மேடம். போன தடவை, கண்ணாடிக் கால் உடைஞ்சு நூல் சுத்திப் போட்டிருக்காருன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னிக்கு அவ சாப்பிடல. நடுவுல நான் ஒரு இளிச்சவாயன், கடையைப் பூட்டிட்டு ரெண்டு பேருக்கும் சேதி சுமந்துக்கிட்டுத் திரியறேன்.

நான் கூப்பிட்டா வரமாட்டா. அவரு கூப்பிட்டாலும் வரமாட்டா. ஆனா நேத்து துணி மடிச்சுக்கிட்டே, நான் ஒண்ணும் கேக்காமலே சொல்றா, கோர்ட்டே உத்தரவு போட்டா நான் என்ன பண்ண முடியும், போய்த்தானே ஆகணும்னு. நல்ல துணி ஒண்ணு எடுத்துத் தனியா வேற வச்சிருக்கா.

அதனால சமரசம் ஆச்சுன்னு எழுதிடாதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சாட்சி கட்டாயம் நேர்ல வரணும்னு காரமா ஒரு உத்தரவு போடுங்க. வராட்டி நடவடிக்கைன்னும் சேத்துக்குங்க, அவளுக்கு ஒரு சாக்கு வேணும்ல. அன்னிக்கு எங்களை முதல்ல கூப்பிட்டுடாதீங்க. இருக்கிற கேஸையெல்லாம் முடிச்சுட்டு, கடைசியா, நல்லா லேட்டாக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் வெளியில உக்காந்திருக்கட்டும். நான் வெளிவாசல் பக்கம் போய் நின்னுக்கிறேன்.