மூன்று முறை படித்த எண்

காலையில் எழுந்ததும் வெந்நீரில் கல்லுப்பு போட்டுத் தொண்டையைக் கொப்பளிப்பது நல்லது. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் செய்து வருகிறேன். நாள் முழுக்க ஆட்களிடம் கேள்வி கேட்கிற வேலை உங்களுக்கு, உங்கள் தொண்டைக்கும் உதவும். நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை.

காய்கறி மொத்தச் சந்தையில் எனக்கு இரண்டு வேலை. மாடியிலுள்ள கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்பு செய்வது ஒன்று. சந்தையின் சுத்தத்தைக் கவனிப்பது இன்னொன்று. கழிவறை, குப்பை, குடிதண்ணீர்த் தொட்டி எல்லாம் என் பொறுப்பு. சரக்கு லாரி வந்ததும் அது எந்தக் கடைக்கோ அந்தக் கடையின் எண்ணைப் படிப்பேன். முதல் முறை படித்தால் லாரி வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது முறைக்குச் சுமைக்காரர்கள் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியைக் கையில் எடுப்பார்கள். மூன்றாவது முறைக்கு எண்பது பேரும் அந்தக் கடைக்கு ஓடுவார்கள், ஏனென்றால் முதலில் போகிறவனுக்குத்தான் சுமை. ஏன், எதற்கு என்று ஒருவரும் நின்று கேட்கமாட்டார்கள். சந்தைக்கு அப்படி ஓர் ஒழுங்கு வந்தது என் குரலால்தான்.

ஐந்து வருடத்துக்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்து கீழ்க்கரை ஊர்கள் மூழ்கின. அந்த ஜனங்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. பதினோரு கடைகள் அவர்கள் கைக்குப் போயின. அவர்களைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஈரத் துணியை மடித்து வைத்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாடை அவர்களிடம் உண்டு. ஒட்டி நின்று பேசுவார்கள். பேசும்போது தோளைத் தொடுவார்கள். அதற்காகவே மேசை இழுப்பறையில் ஸ்பிரிட் புட்டியும் பஞ்சும் வாங்கி வைத்தேன்.

‘ஈரக்கால்’ என்று அவர்களுக்குப் பெயர் வைத்தது நான்தான். “பார்த்து நடங்கள், ஈரக்கால்கள் நடமாடுகிற இடம், வழுக்கும்” என்று ஒரு நாள் மைக்கில் சொன்னேன். சந்தையே சிரித்தது. ஒரே வாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு தினமும் காலையில் ஒரு சுகாதாரக் குறிப்பு சொல்வேன். அழுகியதைக் கண்டால் கூடையிலிருந்து எடுத்து வெளியே எறியுங்கள் என்பேன். யாரைச் சொல்கிறேன் என்று விளக்கியதில்லை, யாரும் விளக்கம் கேட்டதுமில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட என் வாயிலிருந்து வந்ததில்லை. லாரி, கடை எண், தொலைந்த பொருள் தவிர வேறெதையும் மைக்கில் பேசக்கூடாது என்று பழைய மேலாளர் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். வெள்ளையடித்தபோது அதைக் கிழித்துப் போட்டேன். புது மேலாளர் கண்டுகொள்ளவில்லை. பேச்சு என்பது வெறும் காற்று, அதற்கு எதற்குப் பூட்டு?

ஒரு நாள் என் மனைவி சந்தைக்கு வந்தபோது என் பேச்சைக் கேட்டுவிட்டாள். வீட்டுக்குப் போனதும் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஜனங்க உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணாங்க?”

“நான் யாரையாவது கை நீட்டி அடிச்சேனா?”

“நீங்க எதுக்கு அடிக்கணும்? நான் வாயைத் திறந்தா எண்பது பேர் ஓடறாங்கன்னு நீங்கதானே பெருமை அடிச்சுக்கறீங்க.”

அவளுக்குச் சந்தை வேலை புரியாது. அன்றிலிருந்து எனக்குச் சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் குளித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன், அப்படியும்.

நாற்பத்தொன்றாம் கடை வெங்காயக் கடை. அந்த ஈரக்காலுக்கு ஒரு பெயர் உண்டு, உங்கள் தாளில் இருக்கும். எனக்கு அவன் எண்தான். அந்தத் திங்கட்கிழமை சுமைக்காரர்கள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். புதன்கிழமைக்குள் ஆறு பேர் படுத்துவிட்டார்கள். அவர்களுடைய மேஸ்திரியின் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். புதன் மத்தியானம் நாற்பத்தொன்று என் அறைக்கு வந்தான்.

“அண்ணே, தண்ணித் தொட்டியில ஒரு புறா செத்து ஊறிக் கிடந்துச்சு. கையை விட்டு எடுத்துப் போட்டுட்டேன். மூடி உடைஞ்சு ரொம்ப நாளாச்சு போல.”

எடுக்கும்போது அது துண்டு துண்டாகப் பிய்ந்து வந்ததையும் சொன்னான். அந்தக் கையால்தான் என் கதவைத் திறந்திருந்தான்.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இன்னும் இல்லண்ணே. இப்ப மேஸ்திரிகிட்ட போய்ச் சொல்லிடறேன். ஆளுங்க அதைக் குடிக்கக் கூடாதில்ல?”

“நீ எதுக்கு அலையற? காலையில நானே மைக்ல சொல்லிடறேன்.”

நன்றி சொல்லிவிட்டுப் போனான். தொட்டியைக் கழுவிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. மாதாமாதம் கழுவியதாகக் கையெழுத்து மட்டும் போட்டு வந்தேன். அது வேறு விஷயம். கதவுக் கைப்பிடியை ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரியின் தம்பி இறந்துபோன செய்தி வந்தது. கொடுத்த வாக்குப்படி ஒன்பது மணிக்கு மைக்கில் சொன்னேன்: “நாற்பத்தொன்றாம் கடைக்காரர் நேற்று குடிதண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டிருக்கிறார். அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். குடிப்பதற்கு முன் யோசித்துக்கொள்ளவும்.” இதில் எந்தச் சொல் பொய் என்று நீங்களே காட்டுங்கள்.

கீழே மேஸ்திரி நேராக நாற்பத்தொன்றாம் கடைக்குப் போனான், கடைக்காரன் சட்டையைப் பிடித்தான். நாற்பத்தொன்று ஏதோ சொன்னான். இரண்டு கையாலும் ஒரு புறாவின் அளவைக் காட்டினான். கண்ணாடிக்குள் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரியின் பிடி தளர்ந்தது. தம்பியைப் பறிகொடுத்தவன், ஈரக்கால் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு பேருமாகத் திரும்பித் தொட்டியைப் பார்த்தார்கள். உடைந்த மூடி அங்கிருந்தே தெரியும். மேஸ்திரி நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தான்.

நான் கடை எண்ணைப் படித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அடி, உதை, கொல் என்று யாருக்கும் சொல்லவில்லை. சந்தையின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் எழுபது எண்பது பேர் ஓடி வந்தால் நடுவில் ஒரு மேஸ்திரி கையை விரித்து நின்று என்ன செய்ய முடியும்? நாற்பத்தொன்றின் உடம்பில் பதினேழு இடத்தில் கொக்கி பட்டிருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு ரத்தம் பார்க்க ஆகாது, நான் திரையை இழுத்துவிட்டேன்.

அன்று வெங்காய லாரி வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை படித்ததும் கொக்கிகள் கைக்கு வந்தன. நான் சற்று நிறுத்தினேன். நாற்பத்தொன்றின் மனைவி தராசை விட்டு எழுந்து வெளியே வந்து வாசலைப் பார்த்தாள். லாரி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் ஜன்னலை நோக்கி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மைக்கை அணைக்கும் பொத்தான் என் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். காலையில் கொப்பளித்திருந்ததால், மூன்றாவது முறை குரல் பிசிறில்லாமல் வந்தது.